மெஸ் அக்காவுக்கு ஒரு மடல்

நேற்று மதியம் அப்பா ஒன்பது ஸ்பூன் ராகிக் கூழ் சாப்பிட்டார். இருமவில்லை. ஒவ்வொரு வாய்க்கும் குரல்வளை ஏறி இறங்குகிறதா என்று கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் இந்த ஐந்து வாரக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். திரும்பச் சொல்லத் தெம்பில்லை. ராத்திரி துணைக்குப் படுத்த சித்தப்பா பையன்கள், ஆட்டோவுக்குக் காசு வாங்காத தெருக்கார அண்ணன், மூக்கு வழியாகச் சாப்பாடு போகும் குழாயை மாற்றும்போதெல்லாம் அப்பா கையைப் பிடித்துக்கொண்ட சிஸ்டர், ஆபீஸில் என் வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்தவர்கள், எல்லோருக்கும் கும்பிடு.

இந்த மடல் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் மெஸ் வைத்திருக்கும் அக்காவுக்கு.

விழுங்குவதைச் சொல்லித் தருபவரும் பேச்சுப் பயிற்சியாளர்தான் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். மென்று, உருட்டி, நாக்கால் பின்னே தள்ளுவது வாயின் வேலை. அப்பாவுக்கு இடது கன்னத்திலேயே தங்கிவிடுகிறது. அடுத்தது தொண்டை. 1 நொடிதான். அதற்குள் மூச்சு நின்று, குரல்வளை மேலேறி, மூச்சுக்குழாய் மூடியாக வேண்டும். அப்பாவுக்கு அந்தக் கதவு தாமதமாகச் சாத்துகிறது. தண்ணீர் முந்திக்கொண்டு உள்ளே ஓடிவிடும். சிலருக்கு இருமல்கூட வராமல் நுரையீரலுக்குப் போய்விடுமாம். அதற்குக் கீழே சுமார் 25 செ.மீ. உணவுக்குழாய், அதில் அவருக்குக் கோளாறில்லை. ஆக, விக்கினால் நாம் நீட்டுகிற தண்ணீர்தான் அவருக்கு எமன். கெட்டியாக இருந்தால் மெதுவாக இறங்கும். "தேன் பதத்தில் கொடுங்க" என்றார் பயிற்சியாளர்.

லாட்ஜில் இருப்பவன் எங்கே போய்க் கூழ் காய்ச்ச? மெஸ்ஸில் கேட்டேன்.

"எந்தத் தேன் தம்பி? மலைத்தேனா, கடைத்தேனா?"

முழித்தேன். அக்காவே கரண்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். நான் தலையாட்டியதும் இறக்கி, துணியில் வடிகட்டினார். பிறகு ஒரு ஸ்பூன் எடுத்து, அப்பாவுக்குச் சொல்லியிருந்தது போலவே தாடையை நெஞ்சோடு ஒட்டிக் குனிந்து, தானே விழுங்கிப் பார்த்தார்.

"கட்டி ஒண்ணும் தட்டல. கொண்டு போங்க."

ஒன்பது நாளும் அப்படித்தான். மதியக் கூட்டத்தில் இலைக்கு ஆள் நிற்கும்போதும் குனிந்து ஒரு வாய். காசு வாங்கிக்கொண்டார். அதுவும் நல்லதுதான், சும்மா கொடுத்திருந்தால் மறுநாள் போகக் கூசியிருப்பேன்.

அக்கா, குழாயை இன்னும் எடுக்கவில்லை. காபி கேட்டு அடம்பிடிக்கிறார். அந்த நாள் வந்தால் முதல் டம்ளர் உங்கள் மெஸ்ஸில்தான், அவரை நடத்தியே கூட்டி வருவேன்.

நேற்று ஒன்பதாவது ஸ்பூனுக்குப் பிறகு குழறிக் குழறி ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு தடவை கேட்டுத்தான் புரிந்தது: "உப்புப் பத்தல."

நீங்கள் கூட்டிவிடாதீர்கள் அக்கா, பிரஷர் இருக்கிறது.