மஞ்சள் பையைத் தேடு

பென்னாகரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள மாது,

உன் கடிதம் வியாழனன்றே வந்துவிட்டது. அன்றைக்குத்தான் கடலை பிடுங்க ஆள் கிடைத்தது. விட்டால் பன்றி மிச்சம் வைக்காது என்று மூன்று நாளும் கொல்லையிலேயே கிடந்தேன். இன்றுதான் பேனா எடுக்கிறேன்.

அம்மா ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா? காரியத்துக்கு வந்தபோது திண்ணையில் அப்பா உட்காரும் இடம் காலியாக இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வாசற்படி ஏறவே கால் வரவில்லை. இன்னும் அந்த நினைப்பாகவே இருக்கிறது.

அவருடைய துப்பாக்கியை டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாய். படித்ததும் நிம்மதி. லைசென்ஸ்காரர் போன பிறகு அதை வீட்டுப் பீரோவில் வைத்திருப்பது தெரியாமல் செய்தாலும் குற்றம்தான். இப்போது அந்த டீலரே விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடவா, வைத்திருந்தால் விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறாய்.

ஏறும். காரணம் எளிது. 1980களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வதை அரசு பெரும்பாலும் நிறுத்திவிட்டது. போட்டிகளில் சுடுபவர்களுக்கு மட்டும் வழி உண்டு. அதற்கு முன் கப்பலில் வந்து இறங்கியவைதான் நம் நாட்டில் இருக்கும் வெளிநாட்டுச் சரக்கில் பெரும்பகுதி. துருவேறியும் உடைந்தும் வாரிசு இல்லாமல் ஸ்டேஷனில் ஒப்படைத்தும் அந்தக் கணக்கு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போகிறது. உங்கப்பாவுடையது இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் வெப்லி அண்டு ஸ்காட் கம்பெனி செய்தது, 'பன்னிரண்டு போர்' என்ற குழல் அளவு, இரட்டைக்குழல். கேட்பவர்கள் இருக்கிறார்கள். அதே வயதில் நம் அரசுத் தொழிற்சாலைத் துப்பாக்கி ஒன்று இருந்தால் யாரும் அப்படித் தேடி வரமாட்டார்கள், புதிதாகவே கிடைக்கிறதே. அமெரிக்காவிலும் இதே கதைதான். வின்செஸ்டர் மாடல் 70 ரைபிளின் தயாரிப்பு முறையைச் செலவு குறைக்க 1964-ல் மாற்றினார்கள். அதற்கு முன் செய்தவற்றுக்கு இன்றும் தனி விலை.

ஆனால் வயது மட்டும் விலை ஆகாது, மாது. இதை நான் கைக்காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். எங்கள் தாத்தாவின் கிரீனர் கம்பெனித் துப்பாக்கி உனக்கு நினைவிருக்கும். குழல் மங்கிப்போயிருக்கிறதே, மகன் பேருக்கு மாற்றுவதற்குள் பளிச்சென்று ஆக்கிவிடலாம் என்று ஒரு பட்டறையில் கொடுத்தேன். சக்கரத்தில் வைத்துத் தேய்த்து, கருநீலமாக ஏற்றி, கட்டையை உப்புத்தாள் போட்டு இழைத்து, வார்னிஷ் அடித்துக் கொடுத்தார்கள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. எனக்கும் பெருமை.

இரண்டு வருடம் கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வந்தார். சேகரிப்பவர், லைசென்ஸ் உள்ளவர். சட்டைப்பையில் சின்ன டார்ச்சும் ஒரு லென்ஸும். குழல்களுக்கு நடுவில் ஓடும் பட்டையில் கம்பெனி பெயர் வெட்டியிருக்கும் இல்லையா, அதன்மேல் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். எழுத்துகள் பாதி கரைந்த சோப்பின் மேல் இருப்பதுபோல் மழுங்கியிருந்தன. அவ்வளவு நாள் நான் அதைக் கவனிக்கவே இல்லை. "இதை யார் செய்யச் சொன்னது?" என்று மட்டும் கேட்டார். தொடாமல் வைத்திருந்தால் இரண்டு மடங்கு கொடுத்திருப்பேன் என்று போகும்போது சொன்னார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. பணம் போனதற்காக இல்லை. தாத்தா கையால் தேய்ந்த தேய்மானம் அது. கூலி கொடுத்து அழித்திருக்கிறேன்.

அன்று அவர் காட்டிக்கொடுத்ததை உனக்கும் சொல்கிறேன். முன்கட்டையைக் கழற்றிக் குழலைத் திருப்பினால் அடிப்பக்கம் கிரீடம் போட்ட சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பர்மிங்ஹாமில் 1813 முதல் குழல்களைச் சுட்டுச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைச்சாலை ஒன்று உண்டு. பழைய கரிமருந்துக்கு மட்டும் சோதித்ததா, இன்றைய தோட்டாவின் மருந்தைத் தாங்குமா என்பது அதிலிருந்தே தெரியும். குழலிலும் முன்கட்டையிலும் உடம்பிலும் உள்ள எண் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் எதையோ மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம், விலை இறங்கிவிடும்.

இனி முக்கியமானது. உங்கப்பா ஒரு மஞ்சள் பை வைத்திருந்தார், ஞாபகம் இருக்கிறதா? பழைய லைசென்ஸ் புத்தகங்களைச் சணல் கயிறு போட்டுக் கட்டி அதில்தான் வைத்திருப்பார். ஒருமுறை எனக்குப் பிரித்துக் காட்டினார். முதல் புத்தகத்தில் சேலம் கலெக்டர் முத்திரை. 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமானதும் அடுத்த புத்தகத்தில் தருமபுரி. 2004 பிப்ரவரிக்குப் பிறகு கிருஷ்ணகிரி. அஞ்செட்டி வீட்டை விட்டு அந்தத் துப்பாக்கி நகரவே இல்லை, மாவட்டம்தான் இரண்டு முறை மாறியது! கோலார் தங்கவயலில் வேலை பார்த்த வெள்ளைக்காரர் ஊருக்குப் போகும்போது விற்றதற்கு எழுதிக்கொடுத்த சீட்டும் அதற்குள் இருந்தது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து வாங்கிய ரசீதுகள்கூட. டீலர் இரும்புக்கும் கட்டைக்கும்தான் விலை பேசுகிறார். அந்தப் பை சேர்ந்தால் அது வேறு பொருள்.

பெரிய ஏலங்களிலும் இதுதான் நடக்கிறது. 2015 ஏப்ரலில் லண்டன் பான்ஹாம்ஸில் திப்பு சுல்தானின் ஆயுதங்கள் முப்பது ஏலத்துக்கு வந்தன. மொத்தம் 60 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. நம் கிருஷ்ணகிரிக் கோட்டையை ஆண்டவன் கைப்பொருள் என்பதற்குப் புலிவரியும் எழுத்தும் அவற்றின் மேலேயே சாட்சியாக இருந்தன. 2021-ல் பில்லி த கிட் என்ற கொள்ளைக்காரனைச் சுட்ட கோல்ட் ரிவால்வர் 60 லட்சம் டாலருக்கு விற்றது. அதே மாதிரி ரிவால்வர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவனைச் சுட்டது இதுதான் என்று காட்டத் தாள் இருந்தது இதற்குத்தான்.

அந்த விலையெல்லாம் உனக்குக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் மூன்று வைத்திருந்த இடத்தில் இரண்டுதான் வைக்கலாம், அதனால் வாங்கும் ஆட்களும் குறைவு. இன்னொரு லைசென்ஸ்காரருக்கு நேரே விற்பதென்றால் 45 நாள் முன்னதாகக் கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டினால் தொல்பொருள், நாட்டை விட்டு வெளியே போகாது. லைசென்ஸ் இல்லாத வாரிசுகள் அலைச்சலுக்குப் பயந்து வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த அவசரத்தை டீலர்களுக்கு நன்றாகத் தெரியும். நீ அவசரப்படாதே. வாரிசு என்ற முறையில் உன் பேருக்கு லைசென்ஸ் கேட்டு மனுப் போடு. கிடைத்த பிறகு விற்பதா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கலாம்.

அதுவரை டீலரிடம் இரண்டே விஷயம் சொல்லிவை. ஒன்று, பாலிஷ் கீலிஷ் எதுவும் போடக் கூடாது. இரண்டு, தோல் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் ஏற்றிவிடும். பெட்டி தனியாகப் பத்திரமாக இருக்கட்டும், அதற்கும் விலை உண்டு. குழல் வாய் கீழே பார்க்கச் சாய்த்து வைத்தால் எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. உங்கப்பா தேங்காய் எண்ணெய் போடுவார், மார்கழியில் அது விசைக்குள் உறைந்துபோய் அவர் வெயிலில் வைத்துக் காத்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. மெல்லிய துப்பாக்கி எண்ணெய் போதும்.

இன்னொன்று. அந்த வெள்ளைக்காரர் பேர், எந்த வருடம், என்ன கொடுத்து வாங்கினார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஒரு நோட்டில் எழுது. சொல்லும்போது அவர்களுக்கும் மனசு கொஞ்சம் லேசாகும்.

அடுத்த செவ்வாய் சந்தை முடிந்ததும் பஸ் பிடித்து வருகிறேன். மஞ்சள் பையைத் தேடி எடுத்து வை. பரணில் நெல் பத்தாயத்துக்குப் பின்னால் பார், முன்பு அங்கேதான் இருந்தது.

உன்,
குப்புசாமி