விறகடுப்பைப் பற்றி மகனுக்கு

ஒடுகத்தூர்,
மாசி மாதம்.

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

பின்கட்டு விறகடுப்பை இடித்துவிட்டு, இரும்பில் செய்த புது அடுப்பு ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா என்று தொலைபேசியில் கேட்டாய். அடுப்பை முழுவதும் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது பார்த்துவிட்டேன். அடுப்பைச் செப்பனிட்டால் போதும். மாற்ற வேண்டியது புகைபோக்கியைத்தான்.

வட ஆற்காடு பிரிக்கப்படாமல் ஒரே மாவட்டமாக இருந்த 1980களில், அரசாங்கம் புகையில்லா அடுப்புகளை ஊர் ஊராகப் பரப்பிய காலத்தில், உன் பாட்டி முன்நின்று கட்டச் சொன்ன அடுப்பு அது. முன்னால் பெரிய அடுப்பு, அதை ஒட்டிக் கொடியடுப்பு, அதன் பின்னால் ஓட்டுக் கூரையைத் தாண்டி மேலே போகும் குழாய் என்ற அந்த அமைப்பில் இன்றும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முன்னால் எரியும் தீயின் அனல் கொடியடுப்பின் வழியாகத்தான் குழாய்க்குப் போக வேண்டும் என்பதால், களி வேகும் நேரத்திலேயே வெந்நீரும் தனி விறகு கேட்காமல் காய்ந்துவிடுகிறது.

விறகு அதிகம் பிடிக்கிறது, புகை முகத்தில் அடிக்கிறது என்று நான் சொன்ன இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. பல காலமாகச் சாம்பலைச் சுரண்டி அள்ளியதில் அடுப்பின் அடித்தளம் குழிந்துபோய், தீக்கொழுந்து பானையின் அடியை எட்டாமல் பாதியிலேயே நின்றுவிடுகிறது. குழியை மண்ணால் நிரப்பி மெழுகி, பானையைத் தாங்கித் தேய்ந்த மூன்று குமிழ்களையும் ஒரே உயரத்துக்கு வைத்துவிட்டால் அந்தக் குறை தீரும். புகைக்கான காரணத்தைத் தேட, ஒரு மாலையில் காய்ந்த தென்னோலையைக் கொளுத்தி உள்ளே வைத்து, டார்ச் அடித்துச் சுற்றிலும் பார்த்தேன். மேற்பூச்சில் ஓடும் மெல்லிய வெடிப்புகள் எதிலும் புகை கசியவில்லை. பெரிய அடுப்புக்கும் கொடிக்கும் நடுவே உள்ள வெடிப்பில் சிறிதும், குழாய் அடுப்போடு சேரும் இடத்தில் மிகுதியாகவும் வந்தது. குழாயின் உள்ளே கரி படிந்து வழி பாதியாகக் குறுகியிருக்கிறது. அடிப்பகுதி நீளவாக்கில் பிளந்தும் இருக்கிறது. மேடை ஒரு பக்கம் இறங்கியிருந்தால் இடித்துக் கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்பதால், தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதன்மேல் வைத்தும் பார்த்தேன். நான்கு பக்கமும் ஒரே மட்டமாக நின்றது.

வெடிப்பில் சிமெண்டு பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். எனக்கு அதில் உடன்பாடில்லை. தீ படும் இடத்தில் சிமெண்டு மண்ணோடு ஒட்டி நிற்காமல் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். புற்றுமண்ணைச் சலித்து, நறுக்கிய வைக்கோலும் சாணியும் கலந்து, இரண்டு நாள் புளிக்கவிட்டுப் பூசினால் அது அடுப்போடு அடுப்பாகச் சேர்ந்துகொள்ளும். நம் வேலூர் வெயிலில் ஈரமண் ஒரே நாளில் காய்ந்து மறுபடியும் வெடிக்கும். அதனால் நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி, நிழலில் மெல்ல உலரவிட வேண்டும். கத்திரிக்கு முன், பங்குனியிலேயே இந்த வேலையை முடித்துவிட நினைக்கிறேன்.

நீ சொல்லும் இரும்படுப்பு விறகைச் சிக்கனமாக எரிக்கும் என்பதை மறுக்கவில்லை. நாள்தோறும் சோறும் குழம்பும் வைக்கச் சிலிண்டர் இருக்கிறது. விறகடுப்பு எனக்கு வேண்டியிருப்பது கேழ்வரகுக் களிக்காகவும், நம் நிலத்துப் புளிய மரத்திலும் மாமரத்திலும் கழிக்கும் கிளைகள் வீணாகாமல் இருப்பதற்காகவும்தான். கொதிக்கும் கஞ்சியில் மாவைக் கொட்டி, பானை வாயில் கவைக்கோலைக் கொடுத்துக் காலால் அழுத்திக்கொண்டு, உடம்பின் பலம் முழுவதையும் துடுப்பில் போட்டுக் கிண்டும்போது அடுப்பு அசையவே கூடாது. தூக்கி இடம் மாற்றக்கூடிய எந்த அடுப்பிலும் அந்த வேலையைச் செய்ய எனக்குத் துணிவில்லை. கொதிக்கும் களி மேலே பட்டால் ஒட்டிக்கொண்டு தோலையே உரித்துவிடும் என்பது உனக்கும் தெரியும்.

ஆகவே, அடுப்புக்கென்று ஒதுக்கிய பணத்தைக் குழாய்க்கு அனுப்பு. பழைய குழாய் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டு. அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கெடுதி என்பதால், நன்றாக நனைத்து முழுசாகவே இறக்கச் சொல்லியிருக்கிறேன். புதிதாக வைப்பதைக் கூரை உயரம் வரை செங்கல்லில் கட்டி, அதற்கு மேல் தகரக் குழாயும் மழைத் தொப்பியும் பொருத்தலாம். கரியை அள்ளுவதற்குக் கீழே கையளவு திறப்பு ஒன்று கட்டாயம் வேண்டும். பழையதில் அது இல்லாததால்தான் உள்ளே இவ்வளவு கரி சேர்ந்தது.

குழாய் முகட்டைவிட இரண்டடியாவது உயர்ந்து நிற்காவிட்டால் காற்றடிக்கும் நாளில் புகை திரும்பி உள்ளேதான் வரும். உன் அப்பாவுக்கு இனி ஏணி ஏறுவது ஆகாது. பங்குனி உத்திரத்துக்கு நீ வரும்போது அளவுநாடாவை எடுத்து வந்து, நீயே மேலே ஏறி அளந்து பார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா