மனுக்கா தேன்: நாட்டைப் பார்க்காதீர்கள், சோதனையைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் மனுக்கா தேன் பற்றி வந்த கட்டுரை, நியூசிலாந்துத் தேன் மட்டுமே அசல், மற்றதெல்லாம் போலி என்று முடித்திருந்தது. நான் வசிப்பது நியூசிலாந்தின் வைக்காட்டோ பகுதியில். கோடையில் பக்கத்துத் தேனீ வளர்ப்பாளருக்குக் கூடமாட உதவுவதும் உண்டு. எங்கள் ஊர்த் தேனை உயர்த்திப் பேசியதில் சந்தோஷம்தான். ஆனால் ஒரு தேன் எந்த நாட்டில் விளைந்தது என்பது ஒரு கேள்வி. ஜாடிக்குள் இருப்பது மனுக்காதானா என்பது வேறு கேள்வி. காசு கொடுத்து வாங்குகிறவருக்கு இரண்டாவதுதான் முக்கியம். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

மனுக்கா ஒரு புதர்ச்செடி. லெப்டோஸ்பெர்மம் ஸ்கோபாரியம் என்பது தாவரவியல் பெயர். இங்கே காடுமேடெல்லாம் இருக்கிறது. டாஸ்மேனியா, விக்டோரியா பக்கமும் தானாகவே வளர்கிறது. அதற்கு நெருங்கிய உறவான இனங்கள் ஆஸ்திரேலியாவில் பல உண்டு. அவற்றில் சிலவற்றின் தேனிலும், கிருமிகளை எதிர்த்து மனுக்காவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த மெத்தில்கிளையாக்சால் என்ற பொருள் நன்றாகவே இருக்கிறது. ஐரோப்பியத் தேனீ டாஸ்மேனியாவுக்கு 1831-லேயே வந்துவிட்டது, நியூசிலாந்துக்கு வந்தது 1839-ல்தான், ஆகவே அந்தத் தேன் முதலில் உண்டானது தங்களிடம்தான் என்று ஆஸ்திரேலியர்கள் வாதாடுகிறார்கள். இரு நாட்டுச் செடிகளும் மரபணுவில் வெகுகாலம் முன்பே பிரிந்தவை என்பது இங்குள்ளவர்களின் பதில். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களுக்கு அந்தச் செடி முன்னோர் தந்த செல்வம். மனுக்கா என்பது அவர்கள் வைத்த பெயர். அதை யார் வேண்டுமானாலும் ஜாடியில் ஒட்டி விற்பது அவர்களுக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பெயரை நியூசிலாந்துக்கே உரிய சான்று முத்திரையாகப் பதியக் கேட்ட விண்ணப்பத்தை, இந்த நாட்டின் அறிவுசார் சொத்து அலுவலகமே 2023 மே மாதம் நிராகரித்துவிட்டது. ஆகவே ஆஸ்திரேலிய ஜாடி என்ற ஒரே காரணத்தால் அதைப் போலி என்று சொல்ல முடியாது.

சரி, போலியைக் கண்டுபிடிப்பது எப்படி? இங்கே மனுக்காவோடு கலந்தே வளரும் கானுக்கா என்று ஒரு செடி உண்டு. அதுவும் சின்ன வெள்ளைப் பூ பூக்கும். செடியாக நிற்கும்போது பிரித்துச் சொல்வது சுலபம்: கிளையைக் கையால் பற்றினால் மனுக்கா இலை குத்தும், கானுக்கா இலை மெத்தென்று இருக்கும். தேனான பிறகுதான் சிக்கல். இரண்டின் மகரந்தமும் நுண்ணோக்கியில் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். அதனால் மகரந்தத்தை எண்ணிப் பார்த்து முடிவு சொல்வது சரிப்படவில்லை. நியூசிலாந்தின் முதன்மைத் தொழில்கள் அமைச்சகம் 2018-ல் புதிய வரையறை கொண்டுவந்தது. நான்கு வேதிப்பொருள்கள், மனுக்காவின் டி.என்.ஏ. ஆகிய ஐந்தும் சோதனையில் தேறினால்தான் அந்தப் பெயரில் ஏற்றுமதி செய்யலாம். ஒருமலர்த் தேன் (மோனோஃப்ளோரல்), அதாவது பெரும்பாலும் மனுக்காப் பூவிலிருந்தே வந்தது, என்று போட வேண்டுமானால், அந்த நான்கில் ஒன்றான 3-ஃபினைல்லாக்டிக் அமிலம் கிலோவுக்கு 400 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். 20-லிருந்து 400-க்குள் இருந்தால் அது பல பூக்களின் தேன் கலந்த பன்மலர்த் தேன் (மல்டிஃப்ளோரல்). இந்த ஒரு சொல்லை லேபிளில் தேடிப் படித்தாலே வாங்குகிறவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

அந்த ஐந்தில் எம்ஜிஓ, அதாவது மெத்தில்கிளையாக்சால், கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்மவர்கள் பார்ப்பதோ ஜாடியில் போட்டிருக்கும் எம்ஜிஓ எண்ணை மட்டும்தான். பூந்தேனில் உள்ள டைஹைட்ராக்சிஅசிட்டோன், ஜாடியில் இருக்க இருக்க மெல்ல எம்ஜிஓவாக மாறும். சூடாக்கினால் சீக்கிரமே மாறிவிடும், தேன் கெட்டுப்போகும். இன்னும் மோசம், டைஹைட்ராக்சிஅசிட்டோனைச் செயற்கையாகவே வாங்கிக் கலந்துவிடலாம். தோலை வெயில்பட்ட நிறமாக்கும் கிரீம்களில் சேர்ப்பதும் இதையேதான். அப்படிக் கலந்து விற்ற நிறுவனம் ஒன்று இங்கேயே நீதிமன்றத்தில் அபராதம் கட்டியிருக்கிறது. நியூசிலாந்து ஜாடி என்றாலே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதற்கு இதைவிட என்ன மறுப்பு வேண்டும்?

யூஎம்எஃப் என்பது மனுக்கா தேனின் தரத்தைக் காட்ட, உரிமம் பெற்ற நியூசிலாந்து நிறுவனங்கள் ஜாடியில் போடும் முத்திரை. அது எம்ஜிஓவோடு நிற்காமல், லெப்டோஸ்பெரின் என்ற பொருளையும், தேன் சூடுபட்டதா என்று காட்டும் அளவையும் சேர்த்தே பார்க்கிறது. யூஎம்எஃப் 10+ என்றால் எம்ஜிஓ கிலோவுக்கு 263 மில்லிகிராமுக்குக் குறையாது. 15+ என்றால் 514. ஜாடியில் உரிம எண் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளலாம். 'ஆக்டிவ் 15+', 'டோட்டல் ஆக்டிவிட்டி' என்று பளபளவென்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். சாதாரணத் தேனில் உள்ள ஹைட்ரஜன் பெராக்சைடு கிருமிகளைக் கொல்லும் வேலையையும் சேர்த்துக் காட்டும் எண்ணாக அது இருக்கலாம். தண்ணீரில் சொட்டு விடுவது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகள் எதுவும் இதற்கு உதவாது. மனுக்கா இயல்பிலேயே கூழ்போல இறுகி இருக்கும். அடையை இயந்திரத்தில் போட்டுச் சுற்றினாலும் லேசில் வராது; ஊசிகளால் அறை அறையாகக் குத்திக் கலக்கிய பிறகே இளகி வரும். ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் மனுக்கா என்று சொல்லிவிடவும் முடியாது.

கடைசியாக, என்னை உறுத்தும் விஷயம். ஊரில் வயதானவர்கள் பென்ஷன் பணத்தில் 20+ ஜாடி வாங்கிச் சர்க்கரை நோய்க்கும் வயிற்றுப் புண்ணுக்கும் தினம் ஒரு ஸ்பூன் சாப்பிடுகிறார்கள். மனுக்காவுக்கு மருத்துவ மதிப்பு இருப்பது பெரும்பாலும் காயத்தின் மேல் போடுவதில். அதுவும் கிருமி நீக்கிய மருத்துவத் தேன். கடை ஜாடி அல்ல. இருமலுக்குத் தேன் கொடுக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் 2018-ல் சொன்னபோதும் மனுக்காதான் வேண்டும் என்று சொல்லவில்லை. நம்மூர்க் கொம்புத்தேனே போதும். சர்க்கரை நோயாளிக்கு எந்தத் தேனும் சர்க்கரைதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில்கூடத் தடவக் கூடாது.

உங்கள் இதழைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். ஒருமலரா பன்மலரா, யூஎம்எஃப் உரிம எண் உண்டா, எங்கே ஜாடியில் அடைத்தது என்ற மூன்றையும் கேட்டு வாங்கும்படி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தி போட வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஹாமில்டன், நியூசிலாந்து