அமைதியாக இருக்கும் மாணவருக்குப் பாடம் புரியவில்லை என்று யார் சொன்னது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு மாணவர்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். "அவர்கள் வகுப்பில் வாயே திறப்பதில்லை" என்று அதில் ஒரு பேராசிரியர் குறைபட்டிருந்தார். பல நாட்டு மாணவர்கள் சேர்ந்து படிக்கும் பொதுச் சுகாதார முதுகலை வகுப்புக்குப் பாடம் எடுப்பவன் நான். அந்தக் குறையை என்னால் ஏற்க முடியவில்லை.

சொந்த நாட்டை விட்டுப் போய் உயர்கல்வி படிப்பவர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 20 லட்சம் பேர். இன்று 60 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்கிறது யுனெஸ்கோ. நாம் பாடம் எடுக்கும் விதம் அந்த அளவுக்கு மாறியிருக்கிறதா?

கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காக ஒரு நொடி அளவே பொறுக்கிறார் என்று பள்ளி வகுப்பறைகளைக் கவனித்து 1970-களிலேயே எழுதினார் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ. 3 நொடி பொறுத்தாலே பதில்கள் நீளமாகவும் ஆதாரத்தோடும் வந்தன. தாய்மொழியில் படித்த பிள்ளைகளுக்கே அப்படி என்றால், வேற்று மொழியில் கேள்வியை வாங்கி, யோசித்து, சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவர் என்ன செய்வார்? அவர் வாய் திறப்பதற்குள் முன்வரிசையில் ஒருவர் பதில் சொல்லி முடித்திருப்பார். மொழித்தேர்வில் தேறித்தானே வந்தார்கள் என்பார்கள். சரி, தேர்வில் ஒலிப்பதிவு தெளிவாகக் கேட்கும். நாமோ கரும்பலகையைப் பார்த்தபடி பாதிச் சொல்லை விழுங்குகிறோம்.

இன்னொன்று, நாம் வாய்விட்டுச் சொல்லாத விதிகள். ஒரு மாணவி திருத்திய கட்டுரையோடு வந்தார். ஓரத்தில் வேறொரு ஆசிரியர் 'விமர்சனப் பார்வை இல்லை' என்று எழுதியிருந்ததைப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார். "நான் என்ன எழுதியிருக்க வேண்டும் சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நல்ல மதிப்பெண் பெற்ற பழைய கட்டுரை ஒன்றை எடுத்து, மாற்றுக் கருத்து எங்கே வருகிறது, எழுதியவர் அதை எந்த இடத்தில் மறுக்கிறார் என்று பத்தி பத்தியாகக் காட்டினேன். அரை மணி நேர வேலைதான். அடுத்த கட்டுரையில் அவரே இரண்டு ஆய்வுகளை மோதவிட்டு எழுதியிருந்தார். மேற்கோள் விதிகளும் இப்படித்தான். முதல் வாரத்திலேயே உதாரணத்தோடு சொல்லிக்கொடுக்காமல், பிறகு கருத்துத் திருட்டு என்று தண்டிப்பது அநியாயம்.

இவர்களால் வகுப்புக்குக் கிடைப்பதையும் உங்கள் கட்டுரை விட்டுவிட்டது. குழந்தையின் தடுப்பூசிக் கணக்கை உங்கள் நாட்டில் யார் வைத்திருப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் அம்மாவிடம் உள்ள அட்டை, மருத்துவமனைக் கணினி, பள்ளிப் பதிவேடு என்று பதில்கள் வரும். எந்த முறையில் எந்தக் குழந்தை விடுபடும் என்ற விவாதம் அங்கேயே தொடங்கிவிடும். அப்போது யாரும் அமைதியாக இருப்பதில்லை.

பல பல்கலைக்கழகங்கள் இந்த மாணவர்களிடம் கூடுதல் கட்டணம் வாங்குகின்றன. அதில் ஒரு பங்கை ஆசிரியர் பயிற்சிக்கும், கட்டுரைகளை உட்கார்ந்து விளக்கும் நேரத்துக்கும் ஒதுக்க வேண்டும். அப்புறம், உங்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது அந்த மாணவர்களிடமும் பேசி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
பல்கலைக்கழக ஆசிரியர் ஒருவர்