ஏத்தங்காய்ப் பொடியும் உன் ராஜினாமாக் கடிதமும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நீண்ட செய்தியை இரண்டு முறை படித்தேன். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான ஏத்தங்காய்ப் (நேந்திரங்காய்) பொடி தயாரித்து விற்கப் போவதாகவும், பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய தொழில் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்ததாகவும் எழுதியிருக்கிறாய். தொழில் வேண்டாம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால், "பிள்ளையைப் பார்த்துக்கொண்டே" என்ற அந்த ஒரு சொல்லில் எனக்கு நம்பிக்கை இல்லை.

1994-இல் நீ பிறந்தபோது நான் அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டுப் பட்டு விரல்கள் கறுத்து, தோல் உரிந்துபோயிருக்கும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் பயனில்லை. உன்னைக் குளிப்பாட்டும்போது உள்ளங்கையைத் திருப்பிப் புறங்கையால்தான் உன் முதுகைத் தேய்ப்பேன். எடைக்குக் கூலி என்பதால், உனக்குப் பால் கொடுக்க வீட்டுக்கு ஓடிவந்த நேரமெல்லாம் சனிக்கிழமைக் கணக்கில் குறைந்துவிடும்.

அப்போது நம் பக்கத்தில் தேனீ வளர்க்கப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். 1991-இலும் அடுத்த ஆண்டிலும் பரவிய தாய் சாக் புரூட் என்ற வைரஸ் நோயில், புழுக்கள் கூட்டுப்புழுவாக மாறாமலே நீர் கட்டிய பைகளைப்போல அறைகளுக்குள் செத்துக் கிடக்க, பெட்டி பெட்டியாக ஈக்குடும்பங்கள் அழிந்திருந்தன. காலிப் பெட்டிகளில் சிலர் கோழியை அடைகாக்க வைத்தார்கள். நோய்க்குத் தப்பிய குடும்பத்திலிருந்து பிரித்த இரண்டு பெட்டிகளை உன் பெரியப்பா தந்தபோது நான் வாங்கிக்கொண்டேன். அதைத் துணிச்சல் என்று பின்னால் பலரும் சொன்னார்கள். உண்மையில், ரப்பர் தோட்டத்தில் உன் அப்பாவின் பால்வெட்டுக் கூலி அரிசிக்குப் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான்.

நம் ஊரில் பெட்டியை நிறைப்பது பெரும்பாலும் பூத்தேன் அல்ல என்பது உனக்குத் தெரியும். ரப்பர் மரம் இலை உதிர்த்துத் தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் துளித்துளியாக இனிப்பு சுரக்கும். ஈக்கள் அதைத்தான் உறிஞ்சி வருகின்றன. மரத்துக்கு ஓய்வு கொடுக்கப் பால்வெட்டை நிறுத்திவைப்பதும் அந்த வாரங்களில்தான். ஆக, அப்பாவுக்குக் கூலி இல்லாத நேரத்தில் எனக்குத் தேன் வந்தது. இதை நான் திட்டமிடவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகே கவனித்தேன். அதற்கு நேர்மாறாக, ஜூனில் மழை பிடித்துவிட்டால் பால்வெட்டும் கிடையாது, ஈக்குத் தீனியும் கிடையாது. பெட்டிக்குச் சீனிப்பாகு வைப்பதா, வீட்டுக் காப்பிக்குச் சீனி வாங்குவதா என்று நின்ற நாட்கள் உண்டு. உன் தொழிலுக்கும் அப்படியொரு ஜூன் இருக்கிறது. காய வைக்க வெயில் வேண்டும்; நமக்கோ இரண்டு மழைக்காலம். அதற்கிடையே ஓணம் நெருங்கும்போது சிப்ஸ் போடுபவர்கள் வாங்கிக் குவிப்பதால் ஏத்தன்குலை விலை ஏறிவிடும். நீ அனுப்பிய கணக்கில் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரே விலைதான் போட்டிருக்கிறாய்.

முதல் ஆண்டில் நானும் அவசரப்பட்டேன். மெழுகு மூடாத தேனடைகளையும் சேர்த்துத் தேன் பிரிக்கும் கருவியில் சுற்றி எடுத்து, ஈரம் வற்றாத தேனை அப்படியே பாட்டிலில் அடைத்துக் கடைக்குக் கொடுத்தேன். இரண்டே வாரத்தில் நுரைத்துப் புளித்து, மூடிகள் தெறித்து, நாற்பது பாட்டில்கள் திரும்பி வந்தன. அந்தப் புளிப்பு வாடை மழைக்காலம் முடியும்வரை அடுக்களையை விட்டுப் போகவில்லை.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றும் உண்டு. தேன் எடுக்கும் தை, மாசி, பங்குனி மாதங்களில் உன்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுவேன். உனக்கு இரண்டு வயது முடிந்திருந்த ஒரு பங்குனியில் கூட்டிவரப் போனபோது, நீ என்னைச் "சித்தி" என்று கூப்பிட்டாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன். பிள்ளைக்காகத் தொழில் மாறியவள் என்று இன்றும் ஊரில் என்னைச் சொல்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. அண்டி ஆபீசில் நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று உன்னைப் பிரிந்திருந்தேன், தேனில் ஆண்டுக்கு மூன்று மாதம் பிரிந்தேன். எனக்கு இரண்டாவது கணக்கு பொருந்தியது. உனக்கு எது பொருந்தும் என்று நீயும் மருமகனும் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கும் உணவை விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2003-ஆம் ஆண்டுத் திருத்தமும் சொல்கின்றன. நீ வரைந்து அனுப்பிய, சிரிக்கும் குழந்தை முகம் போட்ட லேபிள் செல்லாது. சட்டம் கிடக்கட்டும், கைக்குழந்தையின் வயிற்றை நம்பி முதல் சரக்கை இறக்குவதே எனக்குப் பயம். முப்பது ஆண்டாகத் தேன் விற்கிறேன். ஆனாலும், பிறந்த பேரனுக்குச் சேனை வைக்க, அதாவது முதல் இனிப்பாக நாக்கில் தொட்டு வைக்க வேண்டும் என்று உன் மாமியார் தேன் கேட்டபோது, ஒரு வயது நிறையும்வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது என்று மறுத்தேன். அவர் முகம் வாடியது, நீயும் பார்த்தாய். பெரியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கஞ்சிப் பொடியாக முதலில் விற்றுப் பார்.

உனக்கு இருபத்தாறு வாரப் பேறுகால விடுப்பு கிடைத்தது. நான் நாற்பதாம் நாள் வேலைக்குப் போனவள். அதைப் பொறாமையாகச் சொல்லவில்லை. மாதம் பிறந்தால் வரும் சம்பளத்தை ஒரு மழைக்காலமாவது விடாதே என்பதற்காகச் சொல்கிறேன். ராஜினாமாக் கடிதத்தை ஐப்பசி கழியும்வரை அனுப்பாமல் வைத்திரு.

சென்ற வாரம் மார்த்தாண்டம் சந்தையில் பத்துக் கிலோ ஏத்தங்காய் வாங்கி, தோல் சீவி, மெல்லியதாக அரிந்து, ஐந்து வெயில் காய வைத்து இடித்தேன். சுமார் இரண்டு கிலோ பொடி கிடைத்தது. மல் துணியில் சலித்து, இரண்டு டப்பாக்களாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக் கஞ்சி காய்ச்சி நீங்கள் இருவரும் குடியுங்கள். மற்றதன் அடியில் தேதி எழுதியிருக்கிறேன். அதை மூன்று மாதம் திறக்காமல் வைத்து, வண்டு விழுந்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்து எழுது. ஐந்து வெயிலுக்கும் நான் உட்கார்ந்து காக்கை விரட்டிய கூலியை உன் கணக்கில் சேர்க்க மறக்காதே.

அன்புடன்,
அம்மா