படகு மலையேறும் முன் அதன் மூக்கை மூடுங்கள்

மலை ஏரிகளில் படகு விடும் நிர்வாகிகளுக்கும், அந்தப் படகுகளை டிரெய்லரில் இழுத்து வரும் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்.

வணக்கம்.

கொடைக்கானலில் ஃபைபர் படகு பழுதுபார்க்கிறேன். சீசனுக்கு முன்னால் கீழேயிருந்து புதுப் படகுகள் வரும். இன்னும் தண்ணீரையே பார்க்காத படகு முதலில் என் கைக்குத்தான் வருகிறது. மூக்கிலும் அடிவயிற்றிலும் அம்மைத் தழும்பு மாதிரி புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருக்கும். எல்லாம் வழியில் பறந்த ஜல்லி செய்த வேலை. தடுக்கக்கூடிய சேதம் இது. அதனால்தான் இவ்வளவு ஆதங்கத்தோடு எழுதுகிறேன்.

1863இல் கலெக்டர் லெவிஞ்ச் இந்த ஏரியை அமைத்தபோது, முதல் படகு தூத்துக்குடியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். லாரியும் டிரெய்லரும் இல்லாத காலம் அது. இன்று காட்ரோடு என்கிற மலைப்பாதையில் ஏறத் தொடங்கினால் சில மணி நேரத்தில் படகு ஏரிக்கரைக்கு வந்துவிடுகிறது. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில்தான் அதன் மேல்தோல் போகிறது.

ஃபைபர் படகின் வெளிப்பூச்சான ஜெல் கோட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான். பளபளப்புக்காக மட்டும் பூசுவதில்லை. உள்ளே இருக்கும் கண்ணாடி நாருக்குத் தண்ணீர் போகாமல் காப்பதும் அதுதான். ஒரு சிப்ஸ் கல் அடித்து நார் வெளியே தெரிந்துவிட்டால், தண்ணீர் அந்த நார் வழியே மெல்ல உள்ளே ஊறும். நாளாக ஆகப் படகு கனக்கும், அந்த இடம் பலவீனமாகும். நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் வாடகைப் படகுக்கு இது சின்ன விஷயமில்லை. அதில் குழந்தைகளை உட்கார வைத்து அனுப்புகிறோம்.

சமவெளியைவிட மலைப்பாதையில் அடி அதிகம். கொண்டை ஊசி வளைவில் உதிரி ஜல்லி குவிந்து கிடக்கும். கீழ் கியரில் ஏறும் வண்டியின் பின்சக்கரம் அங்கே வழுக்கிச் சுழலும்போது, கல் நேராகப் படகின் மூக்குக்குப் பறக்கும். இன்னொன்றும் உண்டு. வளைவில் டிரெய்லரின் சக்கரம் இழுக்கும் வண்டியின் தடத்திலேயே போகாது. உள்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு மண் ஓரத்தில் இறங்கும். அங்கே அள்ளுகிற கல் படகின் விலாவில் அடிக்கும். முன்பக்கத்தை மட்டும் மூடிவிட்டு, டிரெய்லர் சக்கரத்துக்கு மட்கார்டு இல்லாமல் வந்தால் பாதி வேலைதான் முடிந்த மாதிரி.

இழுக்கும் வண்டியின் பின்னால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே அகலமாகக் கனத்த ரப்பர் ஷீட் தொங்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் மட்டும் இரண்டு துண்டு தொங்கினால் போதாது. தரையில் உரசாத அளவு இடைவெளி விடுங்கள். உரசினால் அதுவே கல்லை வாரும். அதற்கும் படகுக்கும் நடுவே, டிரெய்லரின் இழுவைக் கம்பியில் ஒரு சட்டம் நிறுத்தி, கனத்த கேன்வாஸையோ ரப்பரையோ அடிப்பக்கம் படகைப் பார்த்து உள்வாங்குகிற மாதிரி சாய்த்துக் கட்டலாம். தகரம் வேண்டாம். தகரத்தில் பட்ட கல் துள்ளிப் போய் இழுக்கும் வண்டியின் பின் கண்ணாடியை உடைக்கும்.

அப்புறம் தார்ப்பாய். இதில்தான் எனக்கு வருத்தம் அதிகம். தார்ப்பாயை லேசாகப் போர்த்தி, நாலு கயிறு கட்டி அனுப்பிவிடுகிறார்கள். காற்றில் அது வழி முழுக்கப் படபடவென்று அடிக்கிறது. இடையில் சிக்கிய மணல் ஜெல் கோட்டைத் தேய்த்து மங்கடித்துவிடுகிறது. கல்லடியே பரவாயில்லை என்று ஆகிவிடும். முதலில் படகைக் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். மூக்கிலும் அடிப்பக்கத்தின் முன்பாதியிலும் கனத்த ஃபோம் ஷீட்டையோ பழைய கார்ப்பெட்டையோ அணைத்துக் கட்டுங்கள். அதன் மேல் தார்ப்பாயைச் சுருக்கமில்லாமல் இழுத்து, பெல்ட் போட்டு இறுக்குங்கள். இங்கே வந்ததும் அன்றே கழற்றிவிட வேண்டும், ஈரத்தோடு கிடக்கக் கூடாது.

ஓட்டுநர் அண்ணன்மாரே, காட்ரோட்டில் டீ குடிக்க நிறுத்தும்போது டயர் இடுக்கில் சிக்கிய கல்லை ஒரு கம்பியால் நோண்டி எடுத்துவிடுங்கள். இரட்டை டயருக்கு நடுவிலும் பாருங்கள். ஜல்லி டிப்பர் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். ஓரம் கட்டி அதைப் போக விடுங்கள். புதிதாகச் சிப்ஸ் தூவிய ரோட்டில் ஊர்ந்தே வாருங்கள். தாமதமானதற்காக உங்களை யாரும் திட்டக் கூடாது என்பதையும் நிர்வாகத்திடமே கேட்டுக்கொள்கிறேன்.

"இங்கேதான் பழுதுபார்க்க ஆள் இருக்கிறதே" என்கிறார்கள். இருக்கிறேன், சரி. ஆனால் நம் ஊர்க் குளிரை நினைத்துப் பாருங்கள். 15 டிகிரிக்குக் கீழே ஜெல் கோட் ஒழுங்காக இறுகாது. அவசரத்துக்கு, பூச்சை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னரைக் கூட்டி ஊற்றினால் பூச்சு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும், நிறமும் மாறும். பெயர்ந்த இடத்தை நன்றாக உலர்த்தி, ஓரத்தைச் சரிவாகச் செதுக்கி, உப்புத்தாள் போட்டு, வெயில் ஏறின பிறகு பூசி, காற்றுப் படாமல் பிளாஸ்டிக் தாள் ஒட்டிக் காத்திருக்க வேண்டும். மஞ்சு இறங்கிவிட்டால் அன்றைய வேலை அவ்வளவுதான். ஃபேக்டரியில் அச்சிலேயே விழுந்த பூச்சோடு இது ஈடாகாது.

ஆகவே நிர்வாகிகளே, படகு வாங்கும் ஆர்டரிலேயே இந்தப் பாதுகாப்பை நிபந்தனையாக எழுதுங்கள். ஏற்றும் இடத்தில் மூக்கு, அடி, இரண்டு விலா என நான்கு பக்கமும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். "ஏற்றும்போதே இப்படித்தான் இருந்தது" என்ற சண்டை வராது, ஓட்டுநர் தலையிலும் வீண்பழி விழாது. வந்த அன்றே தண்ணீரில் தள்ளாமல் ஒரு பகல் கரையில் வையுங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் மயிரிழை விரிசலும் தெரியும். சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். அதை அடைத்த பிறகு படகை இறக்கலாம்.

கோடை விழாவுக்கு முன் வரப்போகும் படகுகளிலிருந்தே இதைத் தொடங்குங்கள். ரப்பர் ஷீட்டும் சட்டமும் வாங்கிக் கொடுத்தால், முதல் வண்டிக்கு நானே அளவெடுத்து வெட்டி மாட்டித் தருகிறேன். கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஃபைபர் படகு பழுதுபார்ப்பவன்,
கொடைக்கானல்