தங்கூசி கொடுத்த அண்ணனுக்கும், மற்ற எல்லோருக்கும்

என் கையைப் பற்றி விசாரித்தவர்களுக்கும், விசாரிக்காமலே வந்து வேலையை முடித்துவிட்டுப் போனவர்களுக்கும் இந்த மடல். ஜூன் மாதம் என் வலது கை விரல் நரம்புகள் அறுபட்ட கதையை மறுபடி எழுதப் போவதில்லை. எங்கள் தெருவுக்கே தெரியும். என்னிடம் சாக்ஸ் வாங்குகிறவர்களுக்கு மகள் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். கை இருக்கிறது. சுட்டுவிரலும் நடுவிரலும் முழுசாக மடங்காவிட்டாலும் ஓரளவு மடங்குகின்றன. நேற்றுக் காலை வலது கையாலேயே இட்லியைப் பிட்டுச் சாப்பிட்டேன். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். நடுநடுவே திருத்துகிறாள், நான் விடுவதில்லை.

முறைப்படி டாக்டர்களுக்குத்தான் முதல் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் பெயர் தெரியாத ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

விரலை மடக்கும் நரம்பை, டாக்டர்கள் டென்டன் என்பதை, தைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், ஆபரேஷன் பாதி வேலைதான். மீதி பாதி பிசியோவில், அதாவது விரலுக்குக் கொடுக்கும் பயிற்சியில். கட்டுக்குள்ளே விரல் சும்மா கிடந்தால் தைத்த இடம் சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொண்டுவிடும், அப்புறம் மடங்காது. அவசரப்பட்டு எதையாவது இறுக்கிப் பிடித்தாலோ தைத்தது பிரிந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நாளைக் கடத்த வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்த பிசியோ பொண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். முதலில் பஞ்சு உருண்டையை லேசாகப் பிடிக்கச் சொன்னாள். எனக்கு அது பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்திருக்கும். "வீட்ல கையால என்ன வேலைம்மா செய்வீங்க?" என்று கேட்டாள். சாக்ஸ் பின்னுவேன் என்றேன். சென்னையில் சாக்ஸா என்று சிரிக்காத முதல் ஆள் அவள்தான். "அப்போ அடுத்த தடவை அதையே கொண்டு வாங்க. எவ்வளவு முடியுதுன்னு பாத்துப் பாத்துச் செய்வோம்" என்றாள்.

சிரிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பின்னுவது குளிருக்கு இல்லை, சுகர்காரர்களுக்கு. எங்கள் அத்தைக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. காலில் முள் குத்தினாலும் தெரியாது. கடையில் வாங்கும் சாக்ஸில் மேல் ரப்பர் கணுக்காலை இறுக்கி வரி போடும். விரல் முனையில் தையல் மேடு இருக்கும், நமக்கு அது ஒன்றுமில்லை. உணர்ச்சியில்லாத காலில் அந்த மேடு உரசி உரசிப் புண்ணாக்கிவிடும், அவர்களுக்கே தெரியாது. அதனால் ரப்பர் கிடையாது. மேலே ஒரு நிட் ஒரு பர்ல் என்று, நேர்க்கண்ணியும் புரட்டுக்கண்ணியும் மாற்றி மாற்றி, நீளமாகப் பட்டை போட்டால் இறுக்காமல் நிற்கும். முனையைத் தைக்காமல் கண்ணியோடு கண்ணி, அதாவது பின்னல் வளையத்தோடு வளையம், கோத்து மூடுவேன், தடவிப் பார்த்தால் கூடத் தெரியாது. நிறம் எப்போதும் வெள்ளை அல்லது சந்தனம். புண்ணிலிருந்து ஒரு பொட்டு கசிந்தாலும் அன்றைக்கே கண்ணில் பட வேண்டும் இல்லையா? நூல் பருத்திதான். உல்லன் நம் ஊர் வேர்வைக்கு ஆகாது.

சொல்ல வந்தது வேறு. பிசியோ பொண்ணு சொன்னபடி பையோடு போனேன். ஜூனில் அந்தக் களேபரத்தில் கைக்கு அகப்பட்டதையெல்லாம் போட்டுக் கட்டிய பை. அதற்கப்புறம் யாரும் திறக்கவில்லை. என் முறை வர நேரம் இருந்தது, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து இடது கையால் சாக்ஸை வெளியே எடுத்தேன். அத்தைக்கான இரண்டாவது கால். அறுபத்துநான்கு கண்ணி, குதிகால் திருப்பும் இடத்தில் நின்றிருந்தது. நான்கு ஊசியில் இரண்டு உருவிக்கொண்டு பைக்குள் கிடந்தன. முப்பத்திரண்டு கண்ணி அந்தரத்தில். உல்லனாக இருந்தால் இழைக்கு இழை பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாங்கும். பருத்தி வழுக்கும். ஏற்கெனவே நாலைந்து கண்ணி ஏணிப்படி மாதிரி கீழே அவிழ்ந்திருந்தது. சாக்ஸை அசைத்தால் இன்னொன்று போகிறது, வைத்தால் வைக்கிற இடத்தில் இன்னொன்று போகிறது. வலது கையோ அசையாமல் இருக்கக் கட்டிய ஸ்பிளின்ட் பட்டையில். அழுதுவிட்டேன். ஆபரேஷனுக்கு அழாதவள் சாக்ஸுக்கு அழுதேன் என்று வீட்டில் இன்னும் கேலி.

பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒருவர், மகனோடு உட்கார்ந்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு கிளம்பிய கையோடு மகனுடைய விரல்கள் வலை இழுக்கும் விஞ்சு மெஷின் கயிற்றில் மாட்டியதாம். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதி இல்லை. அந்தப் பையன் யார் முகத்தையும் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் என்னிடம் ஏன் அழுறே, என்ன ஆச்சு, ஒன்றும் கேட்கவில்லை. "ஆட்டாத தங்கச்சி, அப்டியே வெச்சிக்க" என்றார். சட்டைப் பையில் கை விட்டு ஒரு சுருள் தங்கூசி எடுத்தார். மீன் பிடிக்கிற நைலான் நரம்புதான். பல்லால் ஒரு முழம் கடித்தார். அது விறைப்பாக இருக்கும், ஊசியே வேண்டாம். நுனியை நேராக அந்தக் கண்ணிகளுக்குள் விட்டு ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டே போனார். ஒன்றைக்கூட முறுக்கிவிடவில்லை. கடைசிக் கண்ணி வந்ததும் இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சு. அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இப்ப சொல்லு, இது இன்னாது?"

சாக்ஸ் என்றேன். அவருக்குப் பின்னல் தெரியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை தைக்கிறவர். கண்ணி நழுவினால் முதலில் பிடித்துக் கட்டு, பேச்சு அப்புறம் என்பது மட்டும் அந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது. சாக்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வலையில ஒரு கண்ணி அறுந்தா பக்கத்துக் கண்ணி நிக்கும். முடிச்சு இருக்குது. இதுல முடிச்சே காணோமே, எப்டி நிக்குது?" என்று கேட்டார். முப்பது வருஷமாகப் பின்னுகிறேன், எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரம்பூர் ஆன்ட்டி உட்பட யாரும் இதை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. ஒரு கண்ணி அதற்கு மேலே இருக்கும் கண்ணியை நம்பித்தான் நிற்கிறது, மேலே உள்ளது போனால் எல்லாம் போச்சு என்று விளக்கினேன். "அப்போ தெனமும் பயந்துகினே பின்னணும்" என்றார். ஆமாம் என்றேன்.

கீழே இறங்கிய கண்ணிகளையும் விடவில்லை. என் முந்தானை ஊக்கை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு படியாகப் பிடித்து மேலே இழுத்து வர வேண்டும் என்று நான் வாயால் சொல்லச் சொல்ல அவர் செய்தார். நடுவில் ஒரு கை போதவில்லை. "டேய், இத்தப் புடி" என்று மகனிடம் சாக்ஸின் ஓரத்தை நீட்டினார். பையன் இடது கையால் பிடித்தான். கொஞ்ச நேரத்தில் அவனே குனிந்து, "நைனா, ஒண்ணு உட்டுட்ட பாரு" என்று காட்டினான். அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

எனக்கு முன்னால் அவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். உங்களுக்கு ஒரு ஜோடி பின்னித் தருகிறேன் அண்ணே என்றேன். "கடல்ல இன்னாத்துக்கும்மா சாக்ஸு?" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மிச்சத் தங்கூசிச் சுருளை என் பையில் போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார், வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

இனிமேல் குதிகால் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு தங்கூசி ஓட்டாமல் நான் எந்தச் சாக்ஸையும் பின்னப் போவதில்லை. ஊசி உருவினாலும் அந்த வரிசையோடு நிற்கும். என்னைப் போலப் பின்னுகிறவர்கள் இதற்கு மிச்ச நூலைக் கோப்பார்கள், நானும் முன்பு எப்போதாவது செய்ததுண்டு. தங்கூசி அதைவிட நல்லது. இழையோடு பின்னிக்கொள்ளாது, ஒரே இழுப்பில் வந்துவிடும். முழம் சில்லறைக் காசு. ஊட்டிப் பக்கம் கேத்தியில் செய்கிற போனி பிராண்டு ஊசியை விட்டு வேறு ஊசி தொட மாட்டேன் என்று பிடிவாதம் பிடிப்பவள் நான். என் பெட்டிக்குள் காசிமேட்டுச் சரக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

இப்போது மற்றவர்கள். கை தைத்த டாக்டர்களுக்கும், ராத்திரி கையை உயரத் தூக்கிக் கட்டிவைத்த நர்ஸம்மாக்களுக்கும், பிசியோ பொண்ணுக்கும் கோடி நன்றி. டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் தொடங்கி வைத்த கை அறுவைப் பிரிவு நம் வடசென்னையில், பழைய ஜெயில் ரோட்டிலேயே இருக்கிறது. கை போகிற வேலையெல்லாம் இந்தப் பக்கம்தானே நடக்கிறது. துறைமுகம், பட்டறை, பிரஸ், படகு. வராந்தாவில் உட்கார்ந்து பார்த்தால் புரியும். மீட்டருக்கு மேல் ஒரு பைசா வாங்காத ஆட்டோ தம்பிக்கு நன்றி. பாக்கியைக் கேட்காத சௌகார்பேட்டை நூல் கடை சேட்டுக்கு நன்றி. "மெதுவா வரட்டும்" என்று சொல்லிச் சாக்ஸுக்காகக் காத்திருக்கும் எல்லா அம்மா அப்பாக்களுக்கும் நன்றி. பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் கடைத் தம்பி ஒரு வாரம் வாழைத்தண்டு சூப்பைத் தூக்குவாளியில் அனுப்பினான். அத்தோவை அனுப்பியிருந்தால் இன்னும் சீக்கிரம் குணமாகியிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆடிக் கூழைச் சொல்லாமல் விட்டால் தெரு என்னைச் சும்மா விடாது. எங்கள் வீட்டில் கூழ் ஊற்றுவது அத்தையின் மாமியார் காலத்து வேண்டுதல். மூன்று மாதம் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கும்போது அண்டாவில் துடுப்பு போடுவது எப்படி? இந்த வருஷம் வேண்டாம், அம்மனுக்குப் புரியும் என்றேன். அத்தை பதிலே சொல்லவில்லை, அவர் பதில் சொல்லாவிட்டால் அது முடியாது என்று அர்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் மாடி வீட்டுக்காரர்கள் மாவைக் கரைத்துப் புளிக்க வைத்தாகிவிட்டது, என்னைக் கேட்கவில்லை. எதிர்வீட்டு பாய் வீட்டம்மா கட்டுக் கட்டாக முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன்கள் மாற்றி மாற்றித் துடுப்பு போட்டார்கள். நொய் வெந்து மாவு ஊற்றியதும் கையை நனைத்துக்கொண்டு தொட்டுப் பார்க்க வேண்டும், ஒட்டவில்லை என்றால் பதம். அதை என் மகள் செய்தாள். முதல் தடவை, அங்கங்கே கட்டி தட்டியிருந்தது. தெருவில் ஒருவரும் சொல்லவில்லை. அத்தை மட்டும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கருவாட்டுக் குழம்பை யாரும் குறை சொல்ல முடியவில்லை, அது என் வாய்க்கணக்கில் வைத்தது. மொச்சைக்கொட்டை, கத்தரிக்காய், காசிமேட்டுக் கருவாடு.

சுகர்காரர்கள் இருக்கும் வீடுகளுக்கு ஒன்று. கேழ்வரகு என்றால் மருந்து என்று அத்தை சொம்பு சொம்பாக இறக்கப் பார்த்தார். களியை விட, குழையக் கரைத்த கூழ் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும். ஒரு டம்ளர் கூழ், நிறையக் கீரை என்று நிறுத்தினேன். மகளை அதற்குக் காவல் வைத்தேன். அவளுக்கும் நன்றி, கண் சிமிட்டாமல் நின்றாள்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, உங்கள் உதவி வேண்டும். தங்கூசி அண்ணனின் பையனுக்கு வெட்டுப்பட்ட விரல் நுனியில் துணி பட்டாலே சுரீர் என்கிறது என்று அவன் நைனா சொல்லியிருந்தார். புண் நன்றாக ஆறியிருந்தால் மெல்லிய பருத்தி உறை போடலாம் என்று பிசியோ பொண்ணும் சொன்னாள். இருபது கண்ணியில், முனையில் தையலே இல்லாமல், விரலுக்கு இரண்டு உறைகள் வீதம் பின்னி வைத்திருக்கிறேன். ஸ்பிளின்ட் கழற்றியதும் இந்தக் கை முதலில் பின்னியது அதைத்தான், வரிசை கொஞ்சம் கோணல். ஆனால் நாங்கள் போகிற கிழமை மாறிவிட்டது, அவர்களை அப்புறம் பார்க்க முடியவில்லை. வலை தைக்கிறவர், அறுபதுக்கு மேல், சட்டைப் பையில் தங்கூசி என்றால் துறைமுகத்தில் பாதிப் பேர் அப்படித்தான், தெரியும். ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒரு வெள்ளைச் சாக்ஸைத் தூக்கி நிறுத்தியவர் என்று கேட்டுப் பாருங்கள். உறையின் அளவு சேரவில்லை என்றால் பையனை அழைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள், விரலை அளந்து வேறு பின்னிக் கொடுக்கிறேன். காசு கீசு என்று பேச்செடுத்தால் நான் கோபித்துக்கொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.